வேட்பாளருக்கு 3,500 டாலர்தான், சூப்பர் பேக்குக்கு எவ்வளவு வேண்டுமானாலும்: அமெரிக்கத் தேர்தல் நிதிச் சட்டம் சொல்வது என்ன?

அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடும் ஒருவருக்குத் தனிநபர் நேரடியாகத் தரும் நன்கொடைக்கு உச்சவரம்பு உண்டு. 2025-26இல் அது ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். உட்கட்சித் தேர்தலுக்கும் பொதுத் தேர்தலுக்கும் தனித்தனிக் கணக்கு. அதே நபர் அதே வேட்பாளருக்காக விளம்பரம் செய்யும் ஒரு ‘சூப்பர் பேக்’குக்கு, அதாவது வேட்பாளரைக் கலக்காமல் தனித்துத் தேர்தல் செலவு செய்யும் குழுவுக்கு, பத்து கோடி டாலர் கொடுத்தாலும் அதில் சட்டமீறல் இல்லை.

இதன் வேர் 1976இல் வந்த பக்லி வழக்குத் தீர்ப்பில் இருக்கிறது. வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு, 1974இல், நன்கொடை, செலவு இரண்டுக்குமே நாடாளுமன்றம் வரம்பு போட்டது. உச்ச நீதிமன்றம் அதில் பாதியை வைத்துக்கொண்டு மீதியை நீக்கியது. வேட்பாளர் கையில் பணம் கொடுப்பது லஞ்சத்துக்கு வழிவிடலாம் என்பதால் நன்கொடை வரம்பு செல்லும். ஆனால் வேட்பாளரைக் கலக்காமல், ஒருவர் தன் காசில் ‘இவருக்கு ஓட்டுப் போடுங்கள்’ என்று விளம்பரம் கொடுப்பது பேச்சுரிமை. டிவி நேரமும் அச்சுக்கூலியும் இல்லாமல் அந்தப் பேச்சு ஊருக்குக் கேட்காது. எனவே செலவுக்கு வரம்பு போடுவது பேச்சுக்கே வரம்பு போடுவதாகும் என்றது நீதிமன்றம்.

இப்படித் தனித்துச் செலவு செய்யக் கம்பெனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் மட்டும் தடை நீடித்தது. 2010 ஜனவரி 21 அன்று, சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில், 5-4 என்ற கணக்கில் அதுவும் போனது. ஹிலாரி கிளிண்டனை விமர்சித்து எடுத்த படத்தைத் தேர்தல் நேரத்தில் கேபிளில் காட்ட விரும்பிய அமைப்பு தொடுத்த வழக்கு அது. தனித்துச் செய்யும் செலவால் ஊழல் வராது என்று எழுதினார் நீதிபதி கென்னடி.

சூப்பர் பேக்கைப் பெற்றெடுத்தது இந்தத் தீர்ப்புதான் என்று பலர் எழுதுகிறார்கள். நேரடிக் காரணம் இரண்டு மாதம் கழித்து, மார்ச் 26 அன்று, வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்பீச்நவ் வழக்கில் சொன்னது. தனித்துச் செலவு செய்வதில் ஊழல் இல்லை என்றால், அதை மட்டுமே செய்யும் குழுவுக்குப் பணம் கொடுப்பதில் எப்படி ஊழல் வரும்? இந்த ஒரு கேள்வியில், அத்தகைய குழுவுக்குத் தரும் நன்கொடைக்கு இருந்த 5,000 டாலர் வரம்பு விழுந்தது. அரசு அதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை.

விதிகள் இவை. சூப்பர் பேக் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். வேட்பாளருக்கு ஒரு சென்ட்கூடத் தரக்கூடாது. தன் விளம்பரத்தில் எந்த வேட்பாளரின் அனுமதியோடும் இது வெளியாகவில்லை என்று சொல்ல வேண்டும். நன்கொடையாளர் பட்டியலை வெளியிட வேண்டும்; ஆனால் நன்கொடை ஒரு லாபநோக்கற்ற சங்கத்தின் பெயரில் வந்தால், அந்தச் சங்கத்துக்குக் கொடுத்தவர் யார் என்பது பெரும்பாலும் தெரியாது. அரசு ஒப்பந்ததாரர்களும் வெளிநாட்டினரும் பணம் தரக்கூடாது. நம்மவர்கள் கவனிக்க: ஹெச்-1பி, மாணவர் விசாவில் இருப்பவர்களும் இந்தத் தடைக்குள் வருகிறார்கள். கிரீன் கார்டு இருந்தால் தரலாம்.

இவ்வளவுக்கும் அச்சாணி, வேட்பாளரோடு கலந்து பேசாமல் செலவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை. அங்கேதான் ஓட்டை. ரகசியமாகப் பேசினால் குற்றம். ஊரறியச் சொன்னால் குற்றமில்லை. அதனால் வேட்பாளர்கள் தங்கள் இணையதளத்திலேயே சிவப்புக் கட்டம் போட்டு, எந்த வாக்காளரிடம் எந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று எழுதிவைக்கிறார்கள். இன்னார் இதைப் ‘பார்க்க’ வேண்டும் என்றிருந்தால் டிவி விளம்பரம் என்று எடுத்துக்கொள்வார்கள். வேட்பாளர் வயதானவர்களோடு கைகுலுக்குவது, மேசையில் கையெழுத்துப் போடுவது என்று வசனமே இல்லாத வீடியோக்கள் யூடியூபில் ஏறும். வேறு யாரோ எடுத்து விளம்பரத்தில் ஒட்டிக்கொள்ளத்தான். 2024 மார்ச்சில், வீடுவீடாகப் போய் ஓட்டுக் கேட்கும் வேலையை வேட்பாளரும் சூப்பர் பேக்கும் சேர்ந்து திட்டமிடலாம் என்றே ஆணையம் அனுமதித்துவிட்டது. சட்டப்படி ஆணையத்தில் ஆறு இடங்கள், ஒரு கட்சிக்கு மூன்றுக்கு மேல் கூடாது, நடவடிக்கைக்கு நான்கு ஓட்டு வேண்டும். ஆறு பேரும் இருந்த காலத்தில் புகார்கள் 3-3 என்று முட்டிக்கொண்டு நின்றது சகஜம்.

பேச்சுரிமை வாதத்தை வெறும் பணக்காரர் சாக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. பத்துப் பேர் காசு போட்டு ஒரு பத்திரிகை விளம்பரம் கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் எனக்கும் பயமாகத்தான் இருக்கும். சிட்டிசன்ஸ் யுனைடெட் பக்கம் நின்று மனு போட்டவர்களில் இடதுசாரிகள் மதிக்கும் குடிமக்கள் உரிமை அமைப்பான ஏசிஎல்யூவும் ஒன்று. என் குறை தீர்ப்பின் கொள்கையில் இல்லை. தனித்து என்ற நிபந்தனையைக் காவல் காக்க ஆளில்லை என்பதில்தான்.

மெய்ன் மாநிலத்தில் 2024 நவம்பரில் சூப்பர் பேக்குக்கான நன்கொடைக்கு 5,000 டாலர் வரம்பு கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. சுமார் முக்கால் பங்கு வாக்காளர்கள் ஆதரித்தார்கள். 2025 ஜூலையில் ஒரு ஃபெடரல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தடுத்தது. வரம்பு கேட்டவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் வரை போகாத கேள்வியை இப்போதாவது அங்கே கொண்டுபோவதே அவர்கள் நோக்கம்.