குளிரில் பிளந்த கப்பல்கள்

1943 ஜனவரி 16 இரவு. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், வெள்ளோட்டம் முடிந்து துறையில் கட்டிக் கிடந்த ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் பெரும் சத்தத்தோடு நடுவில் பிளந்தது. அலையோ புயலோ எதிரியின் குண்டோ எதுவும் இல்லை. மேல்தளத்தில் தொடங்கிய விரிசல் இரண்டு பக்கமும் கீழே இறங்கிவிட்டது, அடித்தகடு மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டதால் கப்பல் முழுசாக இரண்டாகவில்லை. அப்போது காற்றின் வெப்பநிலை -3 டிகிரி, தண்ணீர் 4 டிகிரி செல்சியஸ். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில் லிபர்ட்டி என்ற சரக்குக் கப்பல்களையும் இதே முறையில்தான் அவசர அவசரமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடிப்பதைவிட வேகமாகக் கப்பல் வேண்டும், அதனால் தகடுகளை ஆணிபோல் துளைத்துச் சேர்க்கும் ரிவெட் அடிப்பதைப் பெரும்பாலும் கைவிட்டு, பாகம் பாகமாகச் செய்து கொண்டுவந்து வெல்டிங்கில் இணைத்தார்கள். போர் முடிவதற்குள் 2,710 கப்பல்கள்! ராபர்ட் ஈ. பியரி என்ற கப்பலை வேலை தொடங்கி ஐந்து நாள்கூட ஆகாமல் தண்ணீரில் இறக்கினார்கள்.

ஆனால் பல கப்பல்களில் விரிசல் விழுந்தது. 1943 நவம்பரில் ஜான் பி. கெயின்ஸ் என்ற லிபர்ட்டி கப்பல் அலாஸ்காவை ஒட்டிய அலூசியன் தீவுகளுக்கு அருகே இரண்டாக உடைந்து 10 பேர் இறந்தார்கள். சந்தேகம் முதலில் வெல்டர்கள் மேல்தான் விழுந்தது. அவர்களில் நிறையப் பேர், பெண்கள் உட்பட, அப்போதுதான் தொழில் கற்றவர்கள். சில இடங்களில் வெல்டிங் மோசமாக இருந்தது உண்மைதான். ஆனால் பழியை அவர்களோடு முடித்திருந்தால் கப்பல்கள் தொடர்ந்து உடைந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியலாளர் எஃகையே சோதித்துப் பார்த்தார். எஃகை இழுத்தால் அதன் படிகங்களுக்குள் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், அதனால்தான் அது உடையாமல் வளைந்து கொடுக்கிறது. அந்த வழுக்கலுக்கு அணுக்களின் வெப்ப அதிர்வு உதவுகிறது. குளிரக் குளிர வழுக்குவது கடினமாகி, ஒரு கட்டத்துக்குக் கீழே வளைவதைவிடப் பிளப்பதே எளிது என்றாகிவிடும். அந்தக் கட்டம் எந்த வெப்பநிலையில் வரும் என்பது எஃகைப் பொறுத்தது. கந்தகமும் பாஸ்பரஸும் கூடி, மாங்கனீஸ் குறைந்துபோன போர்க்காலத் தகடுகள் சிலவற்றுக்கு வடக்குக் கடல்களின் சாதாரணக் குளிரே போதுமானதாக இருந்தது.

சரி, விரிசல் எங்கே தொடங்கும்? மேல்தளத்தில் சரக்கு இறக்கும் வாய்களைச் சதுரமாக வெட்டியிருந்தார்கள். ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் உள்ள சின்ன வெட்டிலிருந்து கிழிவது போல, கூர்மையான மூலையில் இழுவிசை பல மடங்கு குவியும். வெல்டிங் தையலும் அதே மூலையில் வந்து சேர்ந்தால் இன்னும் மோசம். ரிவெட் அடித்த கப்பலிலும் விரிசல் வரும், ஆனால் அது அந்தத் தகட்டின் விளிம்போடு பெரும்பாலும் நின்றுவிடும், ஏனென்றால் அடுத்த தகடு தனித் தகடு. வெல்டிங் செய்த கப்பலோ ஒரே தொடர்ச்சியான இரும்பு. விரிசல் எங்கும் நிற்க வேண்டியதில்லை, அது நீள நீள அதை மேலும் நீட்டத் தேவைப்படும் விசையும் குறைந்துகொண்டே போகும்.

மூலைகளை வளைவாக்கினார்கள், விரிசல் அங்கேயே நிற்கும்படி தளத்தை நீளவாக்கில் வெட்டி, இடையில் ரிவெட் அடித்த பட்டைகளைப் போட்டார்கள், அப்புறம் உடைவது நன்றாகவே குறைந்தது. அதற்குப் பிறகுதான் கப்பல் எஃகுக்கு வலிமை மட்டும் போதாது, குளிரில் தாக்குப்பிடிக்கும் குணமும் சோதிக்கப்பட வேண்டும் என்ற விதி வந்தது. இன்று கடும் குளிரைத் தாங்கும் ‘ஈ’ (E) தரக் கப்பல் எஃகு என்று விற்க வேண்டுமானால், அதில் ஒரு வெட்டுப் போட்டு, -40 டிகிரிக்குக் குளிர்வித்து, ஊசல் சுத்தியலால் அடித்துப் பார்க்க வேண்டும்.