மெசின் வாங்க முதல் ஊசியைப் பாருங்கள்

புதிதாகப் பச்சை குத்தப் பழகுகிற பெடியள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணை, எந்த மெசின் வாங்கலாம்?" என்பதுதான். வவுனியா, மல்லாவி, புதுக்குடியிருப்பு, மன்னார் என்று எல்லாப் பக்கமிருந்தும் வாட்ஸ்அப்பில் படங்கள் வரும். கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்தது, கொழும்பில் வாங்கியது, இணையத்தில் ஓடர் போட்டு வந்த சீனத்துப் பெட்டி என்று எல்லாம் இருக்கும். ஊசியின் படத்தை மட்டும் ஒருவரும் அனுப்புவதில்லை. கிளிநொச்சியில் இந்தத் தொழில் செய்கிற எனக்கு அதுதான் பெரிய கவலை. கையிலிருக்கும் காசெல்லாம் மெசினுக்குப் போய்விடுகிறது. மிஞ்சுகிற சில்லறைக்கு, இருப்பதிலேயே மலிவான கார்ட்ரிஜை, அதாவது ஊசி உள்ளே பூட்டியபடி வந்து மெசினில் மாட்டிக் கழற்றுகிற சிறு குழாயை வாங்குகிறார்கள். ஆளுடைய தோலுக்குள் போய்வருவது அந்த மலிவான சாமான்தான்.

மெசினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரொட்டரி மெசினுக்குள் ஒரு சிறிய மோட்டர் இருக்கும். அதன் தண்டில், நடுவிலிருந்து சற்று விலக்கி ஒரு சில்லு பூட்டியிருக்கும். மோட்டர் சுற்றச் சுற்ற அந்தச் சில்லு ஊசியை முன்னும் பின்னும் தள்ளும். தையல் மெசினுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். காகிதத்தில் துளை போட்டுப் பிரதி எடுப்பதற்காக எடிசன் ஒரு மின்பேனா செய்து 1876இல் காப்புரிமை எடுத்தார். அந்த வழியில் போய்த்தான் 1891இல் நியூயோர்க்கில் சாமுவேல் ஓ'ரைலி பச்சை குத்தும் மெசினுக்குக் காப்புரிமை பெற்றார். காந்தச் சுருள் வைத்த கொயில் மெசின் பிறகு வந்தது. கொயிலில் ஸ்பிரிங்கும் திருகும் அடிக்கடி பார்த்துத் திருத்த வேண்டியவை. ரொட்டரியில் அந்த அலுப்பு இல்லை. பாரமும் சத்தமும் குறைவு. தொடங்குகிறவருக்கு நான் ரொட்டரியைத்தான் சொல்வேன்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஊசி ஒரு தடவையில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது. இதை ஸ்ட்ரோக் என்பார்கள். 2.5 முதல் 3 மில்லிமீற்றர் வரை மென்மையான நிழலுக்கு நல்லது. 4 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் தடித்த கோட்டுக்கு. 3.5 இருந்தால் எல்லா வேலையும் பார்க்கலாம், ஒரு மெசின்தான் வாங்க முடியும் என்றால் அதை எடுங்கள். மற்றது மோட்டரின் பலம். பிரஷ் இல்லாத மோட்டர் விலை கூட, ஆனால் உள்ளே தேய்கிற பகுதி குறைவு என்பதால் நீண்ட காலம் உழைக்கும். பெரும்பாலான ரொட்டரிகள் 6 முதல் 9 வோல்டுக்குள் வேலை செய்யும். இன்னொருவர் 8இல் ஓட்டுகிறார் என்பதற்காக நீங்களும் 8 வைக்க வேண்டாம். ஒரே வோல்டில் ஒவ்வொரு மெசினும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும்.

சரி, ஊசிக்கு வருவோம். முறிகண்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர் தன் மெசினைக் கொண்டுவந்தார். "அண்ணை, மெசின் சுடுது, சத்தமும் ஒரு மாதிரிக் கிடக்கு. மோட்டர் போயிட்டுதோ தெரியேல்லை" என்றார். வெளியே பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். ஒவ்வொருவருக்கும் புது ஊசி போடுவதாகவும், மெசினுக்குப் பொலித்தீன் உறை சுற்றுவதாகவும் சொன்னார். பொய் சொல்லும் பிள்ளை இல்லை. கையுறை போட்டுக்கொண்டு கார்ட்ரிஜைக் கழற்றி, கையால் பிடிக்கிற பகுதியான கிரிப்பைத் திருகி எடுத்தேன். ஊசியைத் தள்ளுகிற தண்டு முழுக்கக் கறுப்பு மை காய்ந்து ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் துரு நிறத்தில் ஒரு படலம். நகத்தளவு பொருக்கு உதிர்ந்து மேசையில் விழுந்தது. மை மட்டும் காய்ந்தால் அந்த நிறம் வராது, அதில் இரத்தமும் இருந்தது. அவர் கொண்டுவந்திருந்த கார்ட்ரிஜைத் திருப்பிப் பார்த்தால், ஊசியைத் திருப்பி இழுக்க வெளிப்பக்கம் ஒரு ரப்பர் வளையம் இருந்தது. உள்ளே இருக்க வேண்டிய சவ்வு இல்லை.

அந்தச் சவ்வுதான் முழு விஷயமும். நல்ல கார்ட்ரிஜுக்குள் ஊசிக்கும் மெசினுக்கும் நடுவே ஒரு மெல்லிய ரப்பர் அல்லது சிலிக்கன் சவ்வு இருக்கும். ஊசி விநாடிக்கு நூறு தடவையளவில் போய்வரும்போது, மையும் தோலிலிருந்து வரும் இரத்தமும் பின்பக்கம் ஏறப் பார்க்கும். சவ்வு அதை மறித்து நிற்கும், ஊசியைத் திருப்பியும் இழுக்கும். சவ்வு இல்லாவிட்டாலோ கிழிந்திருந்தாலோ அவ்வளவும் கிரிப்புக்குள் இறங்கும், பிறகு மோட்டர்ப் பக்கமும் போகும். அடுத்தவருக்குப் புதுக் கார்ட்ரிஜ் போட்டாலும், அதன் பின்பக்கத்தைத் தள்ளுவது முதல் ஆளின் இரத்தம் காய்ந்த அதே தண்டு. ஈரலழற்சி பி (ஹெபடைடிஸ் பி) கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருந்து தொற்றக்கூடியது. வெளியே எவ்வளவு துடைத்தும் அந்தத் தம்பிக்குப் பயன் இல்லாமல் போனது இதனால்தான். அந்த மெசினைத் திரும்பப் பாவிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். மோட்டருக்குள் போனதைச் சுத்தம் செய்ய வழி கிடையாது. உலோகக் கிரிப்பைக் கழற்றி அமுக்க நீராவியில் அவிக்கலாம், மோட்டரை அவிக்க முடியாது.

சவ்வு இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்ப்பது லேசு. ஒரு பெட்டி வாங்கினால் அதில் ஒன்றைப் பலி கொடுங்கள். நுனியை மை கலந்த தண்ணீரில் வைத்துக்கொண்டு, பின்பக்கத்தைச் சுத்தமான ஒரு குச்சியால் ஐம்பது அறுபது தடவை அமத்தி விடுங்கள். பிறகு பின்பக்கத்தில் வெள்ளை டிசு ஒன்றை ஒற்றிப் பாருங்கள். நிறம் பிடித்தால் அந்தப் பெட்டி முழுவதும் வேண்டாம். அமத்தி விடும்போதே இன்னொன்றையும் கவனிக்கலாம். ஊசி சட்டென்று உள்ளே திரும்ப வேண்டும். மெதுவாக ஊர்ந்து திரும்பினால், தோலுக்குள் போன ஊசி வெளியே வர முதல் உங்கள் கை நகர்ந்துவிடும், தோல் கிழியும். சவ்வு அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தாலும் கூடாது. பலம் குறைந்த மோட்டர் அதைத் தள்ளித் தள்ளியே சூடேறும். மெசின் சுடுகிறது என்று வருகிற முறைப்பாடுகளில் பல உண்மையில் கார்ட்ரிஜின் முறைப்பாடுகள்.

பலி கொடுத்த அதே கார்ட்ரிஜின் நுனியைப் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் பாருங்கள். நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருக்கிற கண்ணாடி போதும். நுனி வளைந்து கொக்கி போல இருக்கிறதா, ஒரு ஊசி மட்டும் மற்றவற்றை விட நீண்டு நிற்கிறதா, பக்கவாட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று தெரியும். பெட்டியிலுள்ள இலக்கங்களையும் வாசிக்கப் பழகுங்கள். 1207ஆர்எல் என்றால், 12 என்பது 0.35 மில்லிமீற்றர் தடிப்பு, 07 என்பது ஏழு ஊசிகள், ஆர்எல் என்பது கோடு போடும் வட்டக் கட்டு. 10 என்றால் 0.30, 08 என்றால் 0.25. ஆர்எஸ் நிழலுக்கான வட்டக் கட்டு, எம்1 ஊசிகளை இரண்டு வரிசையாக அகலமாக அடுக்கிய மக்னம், ஆர்எம் அதே மக்னத்தின் வளைந்த விளிம்பு.

ஒவ்வொரு கார்ட்ரிஜும் தனித்தனி உறையில் வர வேண்டும். எதிலின் ஒக்சைட் வாயுவால் கிருமி நீக்கியதற்கான அடையாளம், தொகுதி இலக்கம், மணற்கடிகாரக் குறியுடன் முடிவுத் திகதி, ஒரு தடவைக்கு மட்டும் என்பதைச் சொல்லும் குறுக்கே வெட்டிய 2 ஆகியவை உறையில் இருக்கும். உறை ஈரம் பட்டோ ஓட்டை விழுந்தோ இருந்தால் திகதி இருந்தும் பயனில்லை. மாரி மழைக்கு எங்கள் பக்கம் அலுமாரிக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். மூடி இறுகிய பெட்டியில், ஈரம் உறிஞ்சும் பக்கெட் போட்டு வையுங்கள்.

அதே ஆளுக்கே அடுத்த கிழமையும் குத்துவதால் அதே ஊசியைக் கழுவி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். கொதிக்கவைப்பதும் டெட்டோலில் ஊறவிடுவதும் கிருமி நீக்கம் ஆகாது. கிருமி நீக்கம் என்றால் ஓட்டோகிளேவ் என்ற மூடிய கருவியில் 121 பாகை செல்சியசில் 15 முதல் 20 நிமிடம் அமுக்க நீராவி வேண்டும். அது உலோகக் கிரிப்புக்குச் சரி. கார்ட்ரிஜின் ஒடுங்கிய இடுக்குகளுக்குள் ஒட்டிய இரத்தத்தைக் கழுவி எடுக்கவே முடியாது, சவ்வும் கெட்டுப்போகும், முனையும் ஏற்கெனவே மழுங்கியிருக்கும். "எங்கட ஆச்சிக்கு ஒரே ஊசியாலதானே எல்லாருக்கும் குத்தினவை, ஒண்டும் நடக்கேல்லையே" என்பார்கள். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களின் ஆச்சிமார் கைகளில் அந்தப் புள்ளிக் கோலங்களை நானும் ஆசையோடு பார்த்திருக்கிறேன். ஆனால் ஈரலழற்சி பி, சி இரண்டும் பல வருடம் ஒரு குறியும் காட்டாமல் இருக்கக்கூடியவை. ஈரல் பழுதாகி ஒருவர் இறந்தால் அதற்கும் கையிலுள்ள பச்சைக்கும் அந்தக் காலத்தில் யார் முடிச்சுப் போட்டுப் பார்த்திருப்பார்கள்?

நிறம் மாற்றும்போது நுனியை அலசுகிற தண்ணீரும் இதற்குள் அடக்கம். கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கூடாது, அவற்றால் மையைக் கரைக்கவும் கூடாது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் ஒரே கலைஞரிடம் குத்திய 19 பேருக்குத் தோலில் தொற்று வந்தது. தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்கிற ஒரு வகை மைக்கோபக்டீரியா, கடைக்கு வர முதலே சாம்பல் நிற மையில் கலந்திருந்தது. பார்மசியில் சிறு போத்தலில் விற்கும் கிருமி நீக்கிய சேலைன் என்ற உப்புநீர் அவ்வளவு விலை இல்லை. அதை வாங்குங்கள்.

மெசின் பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. மெசினுக்கும் வயருக்கும் புது உறை, ஒவ்வொரு ஆளுக்கும். வேலை முடிந்ததும் உறையைக் கழற்றி, கிருமிகொல்லித் திரவத்தில் நனைத்த துணியால் துடைத்து, லேபிளில் சொன்ன நேரம் வரை ஈரமாக விடுங்கள். நேரே மெசின் மேல் விசிற வேண்டாம், உள்ளே இறங்கும். பெயரிங் மூடிய வகை என்றால் எண்ணெய் போடக் கூடாது. போடச் சொல்லிக் குறிப்பில் இருந்தால் ஒரு துளிக்கு மேல் வேண்டாம். எங்கள் சிவப்புப் புழுதியும் எண்ணெயும் சேர்ந்தால் அரைக்கும் பசைதான். ஏ9 வீதி ஓரத்துக் கடைகளில் கதவைத் திறந்து வைத்து வேலை செய்யாதீர்கள். மோட்டர் சைக்கிள் பற்றரியிலோ கையில் கிடைத்த சார்ஜரிலோ ஓட்டாமல், வோல்ட் நிலையாக நிற்கும் பவர் சப்ளை வாங்குங்கள். 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் நின்றபோது பற்றரி மெசினின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் லிதியம் பற்றரிக்குச் சூடு ஆகாது. சித்திரை வெயிலில் நிற்கிற வாகனத்துக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

வன்னியில் தொழில் செய்கிறவர் கட்டாயம் யோசிக்க வேண்டிய ஒன்று தழும்பு. என்னிடம் பூவும் பெயரும் போட வருகிறவர்களைப் போலவே, 2009 வரை போரில் பட்ட காயங்களின் அடையாளத்தை மறைக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். கையை மேசையில் நீட்டிவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்கள். அவர்களிடம் முதலில், உள்ளே துண்டு ஏதும் கிடக்கிறதா என்று கேட்பேன். ஷெல் துண்டு இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே அந்த இடத்தில் குத்துவதில்லை, வைத்தியரிடம் காட்டிவிட்டு வரச் சொல்வேன். காயத்தின் எல்லையையும் தாண்டிப் புடைத்து வளர்ந்து அரிக்கிற தழும்பு என்றால் கீலொய்ட் ஆக இருக்கும், அதன் மேல் குத்தினால் இன்னும் பெருக்கக்கூடும். எங்கள் நிறத் தோலில் அந்தத் தன்மை கூட. புதிய விபத்து, சத்திரசிகிச்சைத் தழும்பு என்றால் ஒரு வருடமாவது போக வேண்டும்.

முதிர்ந்து தட்டையான தழும்பு என்றால், ஊசித் தெரிவு எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஒரு இடம் செருப்புத் தோல் போலக் கட்டி, அடுத்த அரை அங்குலம் கடதாசி போல மெல்லிசு. கோடு போடும் மூன்று ஊசி லைனர் அதில் வெட்டிக்கொண்டு போகும். நான் 0.30 தடிப்பில் வளைந்த மக்னம் எடுத்து, வேகத்தைக் குறைத்து, ஒரு மூலையில் கொஞ்சம் மட்டும் போட்டுவிட்டு, ஆறு எட்டுக் கிழமை கழித்து வரச் சொல்வேன். மை எப்படி நின்றிருக்கிறது என்று பார்த்துத்தான் மிச்சம். சவ்வு தளர்ந்த கார்ட்ரிஜ் சாதாரண தோலில் எப்படியோ ஒப்பேற்றிவிடும். தழும்பில் ஊசி மாட்டி நிற்கும். ஏற்கெனவே ஒரு தடவை கிழிந்த இடம் அது.

பச்சை குத்துகிறவர்கள் ஈரலழற்சி பி தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. குத்திக்கொள்ள வருகிறவர்கள் உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கோ வேறு திருவிழாவுக்கோ போன இடத்தில் யாராவது மேசை போட்டுக் குத்தினால், அங்கேயும் அதையே கேளுங்கள். கேட்டதற்காகக் கோபிக்கிறவரிடம் கையைக் கொடுக்க வேண்டாம்.

பாவித்த கார்ட்ரிஜை வளவில் புதைக்கவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது. பிளாஸ்டிக் எரியும், ஊசி மண்ணில் கிடக்கும், வெறுங்காலோடு விளையாடுகிற பிள்ளை மிதிக்கும். சபையின் வண்டிக்குக் குப்பையோடு போட்டால் அதைக் கையால் பிரிக்கிறவருக்குக் குத்தும். குத்தினால் துளைக்காத தடித்த பெட்டி ஒன்றைக் கதிரைக்குப் பக்கத்திலேயே வையுங்கள், முக்கால்வாசி நிரம்பியதும் மூடுங்கள். அதை எங்கே, எப்படிக் கையளிப்பது என்று உங்கள் பகுதிப் பொது சுகாதாரப் பரிசோதகரிடம், கடைக்கு முற்பணம் கட்ட முதலே கேட்டு வையுங்கள்.