சோப்பு நுரைக்கிற தண்ணீரில் ஒளிந்திருக்கும் ஃபுளோரைடு

காய்ச்சிக் குடித்தால் எந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான் என்று நம்புகிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் போர் தண்ணீரிடம் அது பலிக்காது. காய்ச்சினால் கிருமி சாகும், அதில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பு அப்படியே இருக்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். எனாமல் உருவாகிற வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், நடப்பது இது. அதனால்தான் வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண்ணுக்குப் பல் வெள்ளையாகவும், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் கறையாகவும் இருப்பது உண்டு. அதற்காகப் பெரியவர்கள் தப்பித்தார்கள் என்றில்லை. ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் படிந்து, குனிய நிமிர முடியாமல் ஆக்கிவிடும்.

எந்தத் தொழிற்சாலையும் இதைக் கலக்கவில்லை. காலடியில் இருக்கும் பாறைதான் தருகிறது. கருப்பு அப்பிரகம், அபடைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு உண்டு. பாறை வெடிப்புகளில் நெடுநாள் தங்கும் தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. இதற்குக் காவல் கால்சியம். தண்ணீரில் அது தாராளமாக இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்து, எளிதில் கரையாத கால்சியம் ஃபுளோரைடாக்கி அடியில் உட்கார வைத்துவிடும். ஆனால் வெயில் கடுமையான வறண்ட நிலத்தில் கால்சியம் மண்ணிலேயே சுண்ணாம்பாக இறுகிப்போகிறது. கிணறு வெட்டும்போது வெள்ளை வெள்ளையாக வருமே சுக்கான் கல், அதுதான். கால்சியம் கல்லாகிப் போனபின் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீர் மிஞ்சுகிறது. அதில் ஃபுளோரைடுக்குத் தடையே இல்லை. பருப்பு வேகவில்லை என்று கால்சியம் மிகுந்த கடினத் தண்ணீரை ஊரே திட்டும். கால்சியம் குறைந்து சோப்பு நன்றாக நுரைக்கிற தண்ணீரை யாரும் சந்தேகப்படுவதில்லை!

ஏரி வற்றினால் கிணறு வற்றும். கிணறு வற்றினால் போர், அதுவும் வற்றினால் இன்னும் ஆழமான போர். ஆழம் போகப் போக, பெரும்பாலும், பாறையோடு அதிக காலம் கிடந்த தண்ணீரைத்தான் மேலே இழுக்கிறோம். மழைநீரிலோ ஃபுளோரைடு இல்லை என்றே சொல்லலாம். ஊர்க்காரர்கள் சேர்ந்து வரத்துக் கால்வாயில் சீமைக்கருவேலத்தைப் பிடுங்கி, ஏரி வண்டலை வயலுக்கு அள்ளிப்போட்டால், தேங்கும் தண்ணீர் கீழே இறங்கிக் கிணற்றுத் தண்ணீரின் ஃபுளோரைடை நீர்க்கச் செய்யும். வடிகட்டி இயந்திரத்தைவிட இதில்தான் எனக்கு நம்பிக்கை. ஆர்.ஓ. இயந்திரம் ஃபுளோரைடை நீக்கும், சரி. ஆனால் கழிவாக வெளியேற்றுகிற தண்ணீரில் அது இன்னும் செறிவாக இருக்கும், அதுவும் திரும்ப நம் மண்ணுக்குத்தான்.

2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரித் தண்ணீரை இரு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தது பெரிய விஷயம். ஆனால் வரத்து குறைந்த நாளில் அதே டேங்கில் போர் தண்ணீரையும் ஏற்றினால் என்ன ஆகும்? 3 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தாலே 1.5-ஐத் தொட்டுவிடும். குடிக்க ஒகேனக்கல், சமைக்கப் போர் என்று பிரித்தாலும் சிக்கல்தான். களி கிண்டும்போது ஊற்றிய தண்ணீர் முழுக்கக் களிக்குள்ளேயே போகிறது. கேழ்வரகில் கால்சியம் நிறைய, அது குடலில் ஃபுளோரைடைக் கொஞ்சம் தடுக்கும். அந்த நன்மையை நாமே ஏன் பாழாக்க வேண்டும்?

வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பயிற்சி தருகிறார்கள். சோதனைப் பெட்டியில் சிர்கோனியம் என்ற உலோகமும் சாயமும் சேர்ந்த இளஞ்சிவப்புக் கரைசல் இருக்கும். தண்ணீரில் அதைச் சொட்டினால், ஃபுளோரைடு சாயத்திடமிருந்து சிர்கோனியத்தைப் பறித்துக்கொள்ளும், நிறம் மஞ்சளை நோக்கி நகரும். வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். சோதனையை ஒரு தடவையோடு விட்டுவிடக் கூடாது. முதல் மழை மண்ணில் படிந்த உப்புகளைக் கரைத்து இறக்குவதால், ஐப்பசியில் சில கிணறுகளில் அளவு கூடிக்கூடத் தெரியும். ஏரி வேலை வீண் என்று அப்போதே முடிவு கட்டாமல், அதே கிணற்றில் தை, மாசியிலும் தண்ணீர் எடுத்துப் பார்க்க வேண்டும்.