எட்டுப் பேணி மணலும் ஒரு குழியானையும்

“பிள்ளையள் ஒரு கேள்வியும் கேக்கினமில்லை, சொல்லுறதைக் கொப்பியிலை எழுதிப்போட்டு இருக்கினம்.” கிளிநொச்சிப் பக்கத்து ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். தரம் 1இல் வாய் ஓயாமல் ‘ஏன்?’ கேட்ட அதே பிள்ளைகள்தான்.

ஒன்றுமே தெரியாத விடயத்திலும் முழுக்கத் தெரிந்த விடயத்திலும் மனம் ஒட்டாது. பாதி தெரிந்து மீதி தெரியாதபோதுதான் அரிப்பெடுக்கும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2014இல் செய்த ஆய்வொன்றில், கேள்விக்கு விடை வரும்வரை காத்திருந்தவர்களுக்குச் சம்பந்தமில்லாத முகப்படங்களைக் காட்டினார்கள். ஆவலைத் தூண்டிய கேள்விகளுக்கு இடையே கண்ட முகங்கள்கூட நன்றாக நினைவில் நின்றன. ஆகவே விடையைப் பிந்திச் சொல்லுங்கள். அதற்கு முன் பிள்ளை ஓர் ஊகத்தைப் பந்தயம் கட்டட்டும்.

அப்படி ஊகிக்க வைக்க ஒரு மணல் பரிசோதனை: உலர்ந்த மணலை அரிதட்டில் அரித்தெடுங்கள். பிளாஸ்ரிக் போத்தலின் மேல்பாதியை வெட்டினால் புனல். ஒரு ரின்பால் பேணி மணலைக் கொட்டினால் குவியல் ஏறத்தாழ 5 செ.மீ. உயரும். எட்டுப் பேணி கொட்டினால்? ஊகத்தைக் கொப்பியில் எழுதுவிக்க வேண்டும். வாயால் கேட்டால் கெட்டிக்காரப் பிள்ளை சொன்னதையே முழு வகுப்பும் சொல்லும். 40 என்று எழுதியவர்கள் இருப்பார்கள். குவியல் 10இலேயே நிற்கும். புனலின் வாய் உச்சிக்குச் சற்று மேலேயே இருக்கட்டும். உயரத்திலிருந்து விழும் மணி உச்சியை இடித்துத் தட்டையாக்கிவிடும்.

ஏன் 10? உயரத்தை ஆரையால் வகுத்துப் பாருங்கள். இரண்டு குவியலிலும் 0.65 அளவில் வரும், அதாவது சுமார் 33 பாகைச் சாய்வு. சரிவிலுள்ள ஒரு மணிக்கு முழுக் குவியலும் எவ்வளவு பெரிது என்று தெரியாது. தன்னைக் கீழே இழுக்கும் பாரமும், அடியிலுள்ள மணிகளின் பிடிப்பும்தான் அதற்குத் தெரியும். சாய்வு ஓர் எல்லையை மிஞ்சினால் பிடிப்புத் தோற்று, மேல்தோல் மட்டும் வழுகி அடிக்குப் போகும். குவியல் அகலும், சாய்வு மாறாது. சாய்வு மாறாததால் உயரம் இரட்டிக்க நீளமும் அகலமும் இரட்டிக்க வேண்டும். அதற்கு 2 × 2 × 2, எட்டு மடங்கு மணல்.

இந்த எல்லைச் சாய்வை நம்பிச் சீவிக்கிற பிராணி வீட்டுத் தாவாரத்தடியில் இருக்கிறது: குழியானை, மணலில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் சிறு பூச்சிப்புழு. பின்பக்கமாகச் சுழன்று சுழன்று, தலையால் மணலை எற்றிக் குழி பறிக்கும். எறும்பு கால் வைத்ததும் சரிவு குலையும். ஏற முயன்றால் கீழிருந்து மணல் வீசும். அடி அரிபட மேலே நிற்பதெல்லாம் எறும்போடு சரிந்து வரும். பெரிய மணிகளை வெளியே எறிந்துவிடுவதால் சரிவில் நொய்மணலே எஞ்சும். இவ்வளவு நேர்த்தியான பொறியை எந்த ஸ்மார்ட் போர்டும் காட்டாது, அதன் விலையில் நூறு பள்ளிக்கு அரிதட்டு வாங்கலாம்.

ஒரு பேசினில் 5 செ.மீ. ஆழத்துக்கு மணல் பரப்பி, குழியானையை விட்டு இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். பிடித்த கையோடு செத்ததுபோல் கிடக்கும், கிண்டக்கூடாது. முல்லைத்தீவுக் கடற்கரை மணலென்றால் நல்லதண்ணீரில் மூன்று தரம் அலசிக் காயவிட வேண்டும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், ஈரமணல் ஒட்டும், குழி விழாது. மாரியில் இதே தொல்லை. ஆனால் அந்த ஒட்டலே அடுத்த பாடவேளைக்குக் கேள்வி: ஒரு பேணி மணலுக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுப் பிசைந்து, பேணியைக் கவிழ்த்தால் சுவர் செங்குத்தாக நிற்கும். இன்னும் பத்துக் கரண்டி விட்டால்?