ஐ.என்.எஸ். ராஜாளி: சொல் விளக்கம்

அரக்கோணத்தில் இருக்கும் கடற்படை விமானத் தளத்தை, அங்கே யாரைக் கேட்டாலும் 'நேவி' என்றுதான் சொல்வார்கள். வாசலில் இருக்கும் பெயர் ஐ.என்.எஸ். ராஜாளி. இந்த மூன்று எழுத்துக்கு 'இந்தியன் நேவல் ஷிப்', அதாவது இந்தியக் கடற்படைக் கப்பல் என்று விரிவு. அரக்கோணத்திலிருந்து கடலுக்குப் போக 70 கிலோமீட்டர் ஆகும். அப்புறம் கப்பல் எங்கிருந்து வந்தது? தமிழில் இதை எப்படி எழுதுவது?

இது பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன வழக்கம். கடற்படை ஆள் என்றால் ஏதாவது ஒரு கப்பலின் பேரேட்டில் அவன் பெயர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. சம்பளம், ரேஷன், தண்டனை எல்லாமே அந்த ஏட்டை வைத்துத்தான். கரையில் வேலை பார்ப்பவனை என்ன செய்வது? அந்த இடத்தையே கப்பல் என்று பதிந்துவிட்டார்கள். 1804இல் கரீபியக் கடலில் மார்ட்டினிக் தீவுக்குப் பக்கத்தில் டைமண்ட் ராக் என்ற பாறையைப் பிடித்து, மேலே பீரங்கி ஏற்றி, அந்தப் பாறைக்கே போர்க்கப்பல் பட்டம் கொடுத்தார்கள். மறு வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கைப்பற்றியது வேறு கதை. பின்னால் இப்படிப்பட்ட கரைத்தளங்களுக்குக் 'கல் கப்பல்' என்று வேடிக்கையாகப் பெயர் வந்தது. அங்கே இருப்பவர்கள் தளத்தின் வாசலைத் தாண்டினாலே 'கரைக்குப் போகிறேன்' என்பார்கள்.

நம் நாட்டில் இந்த வழக்கம் பயிற்சிப் பள்ளிகளிலும் வேரூன்றியது. 1946 பிப்ரவரி 18 அன்று கடற்படை எழுச்சி தொடங்கிய 'தல்வார்' கப்பல் அல்ல, பம்பாயில் தரைமேல் இருந்த சிக்னல் பயிற்சிப் பள்ளி. இன்ஜினீயர்களைப் பழக்கும் 'சிவாஜி' லோனாவாலா மலைமேல் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் பெயருக்கு முன்னால் எச்.எம்.ஐ.எஸ்., அதாவது 'மாட்சிமை தங்கிய மன்னரின் இந்தியக் கப்பல்' என்று இருந்தது. 1950 ஜனவரி 26இல் குடியரசானதும் 'மாட்சிமை' கழன்று ஐ.என்.எஸ். ஆனது. ராஜா போனார், கப்பல் மட்டும் தங்கிவிட்டது.

சரி, ராஜாளிக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அரக்கோணத்தில் இருந்தது. அதையே கடற்படை எடுத்துப் பெரிதாக்கியது. 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தளத்தைத் தொடங்கிவைத்தார். அன்றைக்கு அது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். பிறகு வேலூர் மாவட்டம், 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். இடத்தைவிட்டு நகராமலே மூன்று மாவட்டம் பார்த்த 'கப்பல்' இது.

ஓடுதளம் 4 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். கோவாவிலிருந்து இங்கே வந்த டியூ-142 என்ற ரஷ்ய ராட்சத விமானங்களுக்கு அவ்வளவு நீளம் தேவைப்பட்டது. இந்தியப் பெருங்கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதுதான் அவற்றின் வேலை. 2017 மார்ச்சில் அவை ஓய்வுபெற்றன. 2013 முதல் பி-8ஐ விமானங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது பயணிகள் விமானங்களும் இங்கே வந்து இறங்கின. ஊருக்கு வெளியே வேலிக்குள் இருந்த தளத்தின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது அந்த வாரம்தான்.

பயிற்சி என்று பார்த்தால், கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இங்கேதான். கடற்படை விமானப் பிரிவில் அதற்கு எண் 561. கடற்படையின் விமானிகள் மட்டுமல்ல, கடலோரக் காவல் படையினரும் நட்பு நாட்டு அதிகாரிகளும் இங்கே சேத்தக் ஹெலிகாப்டரில் பழகி, மார்பில் தங்கச் சிறகு குத்திக்கொண்டு போகிறார்கள். 2024 ஜூனில் அப்படிச் சிறகு வாங்கிய அனாமிகா பி. ராஜீவ் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி.

ஹெலிகாப்டர் என்ற சொல்லையும் ஒரு நிமிஷம் பார்த்துவிடலாம். 'ஹெலி', 'காப்டர்' என்று உடைப்பது தவறு. கிரேக்கத்தில் சுருளைக் குறிக்கும் ஹெலிக்ஸும் சிறகைக் குறிக்கும் டெரோனும் சேர்ந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல் அது. ஈழத் தமிழர்கள் உலங்கு வானூர்தி என்கிறார்கள். உலங்கு என்றால் பெருங்கொசு. பொருத்தமும் ஓசையும் அழகாக இருக்கின்றன. ஆனால் அரக்கோணத்து டீக்கடையில் தலைக்குமேல் ஒன்று தடதடத்துப் போனால் ஹெலிகாப்டர்தான், வேறு பேச்சில்லை.

கடற்படையின் விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது மரபு. கொச்சியில் கருடா, கோவாவில் ஹம்ஸா, விசாகப்பட்டினத்தில் தெலுங்குச் சொல்லான டேகா, மும்பையில் ஷிக்ரா, ராமநாதபுரம் உச்சிப்புளியில் பருந்து. அந்த வரிசையில்தான் ராஜாளியும். முன்பாதியில் இருக்கும் 'ராஜ' வடமொழி. ஆனாலும் பெரிய வேட்டைப் பறவைக்குத் தமிழர் நெடுநாளாய்ப் புழங்கும் பெயர் இது. தஞ்சைப் பக்கம் ராஜாளியார் என்று பட்டப்பெயரே உண்டு. இலக்கண வழக்கில் எழுதுவதானால் இராசாளி. இதற்கு வல்லூறு என்று மாற்றுச் சொல் தேடுவது வீண் வேலை. வல்லூறும் வைரியும் அளவில் சிறிய வேட்டைப் பறவைகள்.

மீதமிருப்பது இப்படிப்பட்ட படை இடத்தை ஆங்கிலத்தில் குறிக்கும் 'பேஸ்' என்ற சொல். அதைப் பாசறை என்று எழுதலாமா? பாசறை என்றால் போருக்குப் போன இடத்தில் தற்காலிகமாக அடிக்கும் கூடாரம். நிரந்தரமாக இருப்பதற்கு அது ஒட்டாது. தளபதி, தளவாய் ஆகிய சொற்களில் படை என்ற பொருளோடு வரும் தளம், வீட்டுக்குத் தளம் போடும்போது சமதரையைக் குறிக்கிறது. விமானம் இறங்கும் படை இடத்துக்கு இரண்டு பொருளுமே ஒத்துவருகின்றன. ஆக, 'ஐ.என்.எஸ். ராஜாளி போர்க்கப்பல்' என்று யாராவது எழுதினால் அது எழுத்துக்கு எழுத்து பெயர்த்த பிழை. 'ராஜாளி கடற்படை விமானத் தளம்' என்பதே பொருத்தம். அங்குள்ள பள்ளியை மட்டும் குறிப்பிட்டால் 'கடற்படை ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி'. ஐ.என்.எஸ். என்ற முன்னொட்டை இனிஷியல் மாதிரி அப்படியே விட்டுவைக்கலாம்.