டானின்: நாக்குக்குப் பழகிய துவர்

காரமான செட்டிநாட்டுக் கோழிக்குக் காபர்னே சாவின்யோன் என்ற சிவப்பு ஒயினைத் துணைக்கு வைத்துக்கொண்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். குழம்பின் எரிச்சல் கூடிவிட்டது, ஒயினும் கசந்துவிட்டது என்பார்கள். எரிச்சல் கூடியது உண்மைதான். கசந்தது என்பது பாதிதான் சரி. அந்த ஒயின் பெரும்பாலும் துவர்த்திருக்கும். கைப்பு வேறு, துவர்ப்பு வேறு என்று அறுசுவையில் பிரித்துப் பெயர் வைத்தவர்கள் நாம். ஒயின் என்று வந்ததும் அந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறோம். புட்டியின் பின்பக்கத்தில் அது ‘டானின்’ என்ற பெயரில் இருப்பதால், நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம்.

டானின் என்ற சொல் பிறந்தது தோல் பதனிடும் தொட்டியில். பிரெஞ்சு மொழியில் ‘தான்’ என்றால் பொடித்த ஓக் மரப்பட்டை. பழைய கெல்டிக் மொழிகளில் ஓக் மரத்துக்கு இருந்த பெயரிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. பிரான்சின் வடமேற்கு மூலையில் பேசும் கெல்டிக் மொழியான பிரெத்தோனில் இன்றும் ஓக் மரத்துக்கு ‘தன்’ என்றே பெயர். பச்சைத் தோலை அந்தப் பட்டை ஊறிய நீரில் போட்டால் அழுகாது, இறுகிப் பதப்படும். 1790களில் பிரான்சின் புரட்சிப் படைக்குக் காலணித் தோல் விரைவாகத் தேவைப்பட்டது. ஆர்மான் செகேன் என்ற வேதியியலாளர் பதனிடும் முறையை வேகப்படுத்த முனைந்தது அப்போதுதான். பட்டையில் வேலை செய்யும் பொருளுக்குத் ‘தானின்’ என்ற பெயர் நிலைபெற்றதும் அந்தக் காலத்தில்தான்.

நம் ஊரில் ஓக் பட்டையின் இடத்தில் இருந்தது ஆவாரம்பட்டை. கூடவே கடுக்காய். ஐரோப்பியச் சந்தையில் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்று பெயர் வாங்கிய சென்னை மாகாணத் தோல்கள் ஆவாரம்பட்டையில் ஊறியவையே. ஆவாரையை ஆங்கிலத்தில் பதனிடுவோரின் கேசியா என்றே அழைக்கிறார்கள். வாணியம்பாடியிலும் திண்டுக்கல்லிலும் தோல் தொட்டி வைத்திருந்த முன்னோருக்கு டானின் என்ற பெயர் தெரியாமல் இருந்திருக்கலாம். பொருளை அவர்கள் கையளைந்து அறிந்திருந்தார்கள்.

தோலில் நடப்பதுதான் வாயிலும் நடக்கிறது. டானின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். தோலில் இருக்கும் புரதத்தைப் பிடித்தால் தோல் இறுகும். உமிழ்நீரில் இருக்கும் புரதத்தைப் பிடித்தால் நாக்கின் வழவழப்புப் போய், உள்கன்னம் இழுத்துப் பிடித்த மாதிரி ஆகும். ஆகவே நாக்கின் சுவைமொட்டு அறியும் கசப்பைப் போன்றதன்று இது. பெரிதும் தொடு உணர்ச்சி. சோதிக்க ஒயின்கூட வேண்டாம். கம்பத்துப் பன்னீர் திராட்சையின் சதையை விழுங்கிவிட்டுத் தோலையும் கொட்டையையும் நன்றாக மென்று பாருங்கள். அதுதான் டானின். சிவப்பு ஒயினைத் தோலோடும் கொட்டையோடும் நொதிக்கவிடுவார்கள். வெள்ளை ஒயினுக்குப் பெரும்பாலும் சாற்றை முதலிலேயே பிரித்துவிடுவார்கள். அதனால்தான் சிவப்பு துவர்க்கிறது, வெள்ளை அவ்வளவாகத் துவர்ப்பதில்லை. ஓக் பீப்பாயில் கிடக்கும் ஒயினில் மரமும் தன் பங்குக்குக் கொஞ்சம் துவர் ஏற்றும்.

இனி நம் சொல்லுக்கு வருவோம். ‘துவர்’ என்பதைப் போலச் சிவப்பு ஒயினுக்குப் பொருந்திய சொல் வேறு மொழியில் இருக்குமா என்று எனக்கு வியப்பாகவே இருக்கிறது. துவர் என்றால் சுவை. துவர் என்றால் சிவப்பும்தான்: சிவந்த வாயைத் ‘துவர்வாய்’ என்பது இலக்கிய வழக்கு; புத்தத் துறவியரின் காவியைத் தேவாரம் துவராடை என்கிறது. மூன்றாவதாக, துவர்தல் என்றால் உலர்தல். தலை துவர்த்துதல் என்று தென்கோடியில் இன்றும் சொல்கிறார்கள். நாஞ்சில் நாட்டில் குளித்துத் துடைக்கும் துண்டுக்கே துவர்த்து என்று பெயர். சிவப்பு, வாயை உலர்த்துவது, துவர்ப்பது: ஒரு குவளை சிவப்பு ஒயினின் மூன்று குணமும் ஒரே வேரில் அடங்கியிருக்கின்றன.

துவர்ப் பொருள்களைத் தொகுத்து வைத்த பழக்கமும் நமக்குப் பழையது. சிலப்பதிகாரத்தில் மாதவி நீராடும் நீர் ‘பத்துத் துவரினும் ஐந்து விரையினும்’ ஊறியது. அந்தப் பத்து எவை என்று பழைய உரை சொல்கிறது: பூவந்தி, திரிபலையின் கடுக்காயும் தான்றியும் நெல்லியும், கருங்காலி, நாவல், ஆல் அரசு அத்தி இத்தி என்னும் நாற்பால் மரம். இன்றைய வேதியியலாளரிடம் டானின் மிகுந்த தாவரங்களைக் கேட்டால், இவற்றில் பலவற்றை அவரும் சொல்வார்.

ஆகவே தமிழில் எப்படிச் சொல்வது? உணர்ச்சிக்குத் துவர்ப்பு என்ற சொல் போதும், மாற்றே தேவையில்லை. வேதிப்பொருளைக் குறிக்க வேண்டிய இடத்தில் துவர்ப்பொருள் என்பது என் பரிந்துரை. பாடநூல்களில் வழங்கும் டானின் என்ற வடிவத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பரிமாறுபவரிடம் “துவர்ப்புக் குறைவான சிவப்பு ஒயின் என்ன இருக்கிறது?” என்று கேட்டால் நாம் கேட்பது நமக்கே விளங்கும். ‘டிரை’ என்று எழுதியிருந்தால் அதைத் துவர்ப்பென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒயின் மொழியில் அதற்கு இனிப்பற்றது என்றுதான் பொருள். இனிப்பே இல்லாத ஒயின் துளியும் துவர்க்காமல் இருக்கலாம். அதற்கு ‘உலர் ஒயின்’ என்று எழுதுவது இந்தக் குழப்பத்தைப் பெருக்குகிறது. ‘இனிப்பில்லா ஒயின்’ என்று நேராகவே எழுதலாம்.

சொல் பிடிபட்டுவிட்டால், சாப்பாட்டுக்கு ஒயின் தேர்வது பாதி முடிந்த மாதிரி. மிளகாயின் காரம் சுவையன்று. நரம்பு வெப்பமென்று உணரும் எரிச்சல். அதே நரம்பு வாயிலை மதுவின் எரிசாராயமும் தட்டுகிறது. அதன்மேல் துவர்ப்பு வந்து உமிழ்நீரின் வழவழப்பையும் எடுத்துவிட்டால், நாக்கு காப்பின்றி நிற்கும். ஆந்திரக் கோங்குரா மட்டனோ மிளகாய் தூக்கலான பிரியாணியோ இலையில் இருந்தால், துவர்ப்பும் சாராய அளவும் குறைந்த ஒயின்தான் வேண்டும். பிரான்சின் பொஷொலேயில் விளையும் காமே திராட்சையின் ஒயின், இல்லையென்றால் பினோ நுவார். இரண்டையும் சற்றுக் குளிரவைத்து ஊற்றுங்கள். வடமேற்கு இத்தாலியின் நெபியோலோவும் தென்மேற்குப் பிரான்சின் தனாவும் நல்ல ஒயின்கள்தாம், ஆனால் துவர்ப்பு மிகுந்தவை, இந்த இலைக்கு ஆகாது. தனா என்ற பெயரிலேயே டானின் நிற்பதைப் போலக் காதில் விழுகிறது.

காரம் அடங்கி, கொழுப்பும் இறைச்சியும் ஓங்கிய உணவு என்றால் கணக்கு மாறும். காஷ்மீரி மிளகாய் நிறம் தருமே தவிர அவ்வளவாக எரிக்காது. ஆட்டுக் கொழுப்போடு தயிரும் சேர்த்துச் சமைத்த ரோகன் ஜோஷுக்கு, நாசிக் பக்கத்துச் சிவப்பு ஒயினான ஷிராஸையோ நந்தி மலையடிவாரத்துக் காபர்னே–ஷிராஸ் கலவையையோ தயங்காமல் திறக்கலாம். துவர் பிடிக்க அங்கே இறைச்சியின் புரதம் காத்திருக்கிறது, நாக்கை விட்டுவிடும். தக்காளியும் புளியும் தூக்கலான குழம்புக்குத் துவர்ப்பைவிடப் புளிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குழம்பைவிட ஒயினில் புளிப்புக் குறைந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். புளிப்பு மிகுந்து துவர்ப்புக் குறைந்த இத்தாலியச் சிவப்பு ஒயினான பார்பெரா அங்கே பொருந்தும். மகாராட்டிரத்தின் அக்லூஜில் இப்போது விளையும் சாஞ்சியோவேசே என்ற இத்தாலியத் திராட்சையின் ஒயினில் புளிப்பு உண்டு, துவர்ப்பும் கொஞ்சம் உண்டு. காரத்தைப் பார்த்துத்தான் அதை எடுக்க வேண்டும். ரசத்துக்கும் வற்றல்குழம்புக்கும் எந்தச் சிவப்பு ஒயினும் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

இந்த நுட்பமெல்லாம் நம் அடுக்களைக்குப் புதிதன்று. நாவற்பழத்துக்கு உப்புத் தூவுகிறோம். உப்பு துவர்ப்பை மட்டுப்படுத்தும். கடுந்தேநீரில் பால் விடுகிறோம். பாலின் புரதம் தேநீரின் துவர்ப்பொருளைப் பிடித்துக்கொள்ளும். என் அம்மா வாழைப்பூவை நறுக்க உட்காரும்போதே பக்கத்தில் மோர்ச் சட்டியை வைத்துக்கொள்வார். நறுக்க நறுக்க அதில் போடுவார். பூ கறுக்காது, துவர்ப்பும் இறங்கும். ரோகன் ஜோஷின் தயிரும் கொழுப்பும் ஷிராஸுக்குச் செய்வது அந்த மோர்ச் சட்டியின் வேலையைத்தான்.