அணைத்த ஓவனுக்குள் மாட்டிறைச்சி

டொராண்டோவில் உணவகப் பணியாளர்களுக்கு உணவுப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் வரும் கேள்விகள் பெரும்பாலும் வீட்டுச் சமையலைப் பற்றித்தான். அதில் ஒரு செய்முறை திரும்பத் திரும்ப வருகிறது: ஐ ஆஃப் ரவுண்ட் (மாட்டின் பின்தொடையில் கொழுப்பு குறைந்த பகுதி) துண்டை 500 டிகிரி பாரன்ஹீட்டில் கொஞ்ச நேரம் வைத்து, ஓவனை அணைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கதவைத் திறக்காமல் விடுவது. இறைச்சியும் மலிவு, வேலையும் குறைவு. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அணைத்த ஓவன் எவ்வளவு சீக்கிரம் ஆறும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். காஸ் ஓவனில் சூடு வெளியேற வழி இருக்கும். பழைய ஓவனில் கதவு ரப்பர் தேய்ந்திருக்கும். செய்முறையை எழுதியவர் வீட்டில் பதமாக வந்த துண்டு உங்கள் வீட்டில் நடுப்பகுதி வெதுவெதுப்போடு நின்றுவிடலாம். 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் பெருகத் தோதான சூடு. கதவைத் திறக்கக் கூடாது என்பதால், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை.

மெதுவாக ரோஸ்ட் செய்வதில் தப்பே இல்லை. ஓவன் எரிந்துகொண்டே இருக்கட்டும். முதல் நாளே உப்புத் தடவி பிரிட்ஜில் வையுங்கள். கழுவ வேண்டாம், கழுவினால் கிருமி சிங்க் முழுக்கத் தெறிக்கும், ஈரம் இருந்தால் மேல்பகுதி சிவக்கவும் செய்யாது. 450 டிகிரி பாரன்ஹீட்டில் 10 நிமிடம், அப்புறம் 275-க்குக் குறைத்துவிடுங்கள். தெர்மாமீட்டர் முனை துண்டின் மிகத் தடிமனான இடத்தின் நடுவில் நிற்க வேண்டும். 63 டிகிரி செல்சியஸ் காட்டியதும் எடுத்து, கால் மணி நேரம் லேசாக மூடி வைத்து, நாருக்குக் குறுக்கே மெல்லியதாக அரியுங்கள். வெட்டும்போது வடியும் சிவப்பு நீர் ரத்தம் அல்ல, தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். நிறத்தை வைத்து வெந்ததா இல்லையா என்று முடிவு கட்டாதீர்கள்.

லேபிளையும் படியுங்கள். கனடாவில் ‘ஓவன் ரோஸ்ட்’, ‘பாட் ரோஸ்ட்’ என்று அதிலேயே இருக்கும். பிளேடு (தோள்பட்டைப் பகுதி) போன்ற பாட் ரோஸ்ட் துண்டில், தசையை இணைக்கும் கடினமான புரதமான கொலாஜன் அதிகம். 63 டிகிரியில் எடுத்தால் ரப்பராகத்தான் இருக்கும். கொஞ்சம் நீர் ஊற்றி, மூடி, உள்சூடு 90-ஐத் தாண்டும்வரை விட்டால் கொலாஜன் கரைந்து, முள்கரண்டி தானாக இறங்கும். கர்ப்பிணிகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் நான் பரிந்துரைப்பது இதைத்தான். அவர்களுக்காக ஐ ஆஃப் ரவுண்டை முழுதாக வேகவைத்தால் அது வறண்டுபோகும்.

‘இயந்திரத்தால் மென்மையாக்கப்பட்டது’ என்று லேபிளில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மென்மையாக்கும் இயந்திரத்தின் ஊசிகள் குத்தும்போது மேற்பரப்பில் இருக்கும் ஈ.கோலை கிருமி உள்ளே போய்விடும். கனடாவில் 2014 முதல் இந்த லேபிள் கட்டாயம். அப்படிப்பட்ட துண்டை 63 டிகிரிக்குக் கீழே ஒருபோதும் இறக்காதீர்கள்.

நம் வீடுகளில் நான் அதிகம் கவலைப்படுவது சமைத்த பிறகு நடப்பதைப் பற்றி. மிஞ்சியதைச் சட்டியோடு அடுப்பில் விட்டு, காலையில் சுட வைத்தால் சரி என்று நினைப்போம். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமியின் வித்துகள் சமையல் சூட்டில் சாவதில்லை. பெரிய துண்டு மெதுவாக ஆறும்போது அவை முளைத்து வேகமாகப் பெருகும். சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்று வலியும் வயிற்றுப்போக்கும் வரும். மிஞ்சியதை அரிந்து, அகலமான தட்டையான பாத்திரத்தில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுபடி சூடாக்கும்போது 74 டிகிரி வரட்டும்.

தெர்மாமீட்டர் வாங்கியதும் ஒரு கிளாஸில் ஐஸ் கட்டிகளை நிறைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கண்ணாடியில் படாமல் முனையை உள்ளே பிடித்துப் பாருங்கள். 0 காட்ட வேண்டும். வேறு எண் காட்டினால் சரிசெய்துகொள்ளுங்கள். முடியாவிட்டால் கடையில் மாற்றி வாங்குங்கள்.